வலியசாலையும் தோட்டத்துச் சாளையும்: ஒரு மெயின் போர்டின் கதை

வலியசாலையில் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே ஃபியூஸ் போய்விட்டது. தங்கமணி கிரைண்டரைப் போட்டார், வீடே இருட்டு. மாடியிலிருந்து வீட்டுக்கார மாமா டார்ச்சோடு இறங்கி வந்தார். எண்பது வயதுக்காரர். ரேழியில் ஒரு தேக்குப் பலகை, அதில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் நாலு. ஒன்றை லாவகமாகப் பிடுங்கி, கருகிய கம்பியை எடுத்துவிட்டு, முடி மாதிரி ஒரு புதுக்கம்பியைச் சுற்றி மறுபடி சொருகினார்.

"கட்டிக் கம்பி போட்டா பின்னே போவே போகாது. ஆனா வீடு போயிடும்" என்றார் சிரித்துக்கொண்டே. மாமா பேசுவது தமிழா மலையாளமா என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று :-)

நான் ஒரு காமர்ஸ் ஆசாமி. வங்கி உத்தியோகம். கரண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தொட்டால் அடிக்கும், கட்டாவிட்டால் பிடுங்குவார்கள், அவ்வளவுதான். ஆனால் போன வருஷம் ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்குப் புது மெயின் போர்டு வாங்க வேண்டிய நிலை வந்தது. நானூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு போனிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அதில் நடந்த தப்பும், அந்தத் தப்பைத் தேடிப் போனபோது தெரிந்துகொண்ட சரித்திரமும்தான் இந்தப் பதிவு. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு ஊர் வீட்டுக்குப் பணம் அனுப்பும் எல்லோருக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் பல்லடத்துக்குப் பக்கம். எங்கள் பக்கம் தோட்டத்துக்குள்ளேயே கட்டியிருக்கும் வீட்டைச் சாளை என்போம். திருவனந்தபுரத்தில் சாளை என்றால் மத்தி மீன். "லீவுக்குச் சாளைக்குப் போறேன்" என்று ஆபீஸில் சொன்னபோது, மீன் வாங்க எதற்கு மூன்று நாள் லீவு என்று கேட்டார்கள். நான் இப்போது இருப்பதோ வலியசாலை, அதாவது பெரிய சாலை. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச்சாலை இந்த இடம்தான் என்று பலர் சொல்கிறார்கள். காந்தளூர் மகாதேவர் கோயில் இங்கேதான் இருக்கிறது. கோயிலை ஒட்டிய தெருக்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள். அதனால் இங்கே நான் அவ்வளவாக அந்நியன் இல்லை.

சரி, போர்டுக்கு வருவோம்.

சுவரில் ஒரு கணக்குப் புத்தகம்

மாமா வீட்டு ரேழிச் சுவரைப் பழைய லெட்ஜர் மாதிரிப் படிக்கலாம். தேக்குப் பலகையும் பீங்கான் கட்டையும் மாமாவின் அப்பா காலத்தவை. பக்கத்தில் கைப்பிடி வைத்த இரும்பு மெயின் சுவிட்ச். அதற்குக் கீழே பிற்காலத்தில் வைத்த எம்.சி.பி. பெட்டி. கடைசியாக, மாமாவின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது பிடிவாதமாக வைத்துவிட்டுப் போன இ.எல்.சி.பி. இன்றைக்கு இதையே ஆர்.சி.சி.பி. என்கிறார்கள். முந்தையதைக் கழற்றாமல் பக்கத்தில் புதியதை வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

திருவனந்தபுரத்துக்கு மின்சாரம் வந்தது 1929இல். ராணி சேது லட்சுமி பாய் ரீஜண்டாக ஆண்ட காலம். ஊருக்குள்ளேயே ஓர் அனல் மின்நிலையம் வைத்துத்தான் ஆரம்பித்தார்கள். சாலை பஜாருக்குப் பக்கத்தில் பவர்ஹவுஸ் ரோடு என்ற பெயர் இன்றைக்கும் இருக்கிறது. வந்த புதிதில் தன் வீட்டில் மூன்றே பல்புதான் என்று மாமாவின் அப்பா சொல்வாராம். கூடத்தில் ஒன்று, அடுக்களையில் ஒன்று, வாசலில் ஒன்று. மூன்று பல்புக்கு அந்தத் தேக்குப் பலகை தாராளம்.

எங்கள் கொங்குப் பக்கம் மின்சாரம் வந்த கதை வேறு. நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் ஓட ஆரம்பித்தது. கோயமுத்தூர் மில்களுக்குக் கரண்டு போனது, அப்புறம் கிணறுகளுக்குப் போனது. அதுவரைக்கும் கவலை ஓட்டித்தான் தண்ணீர். மாட்டைப் பூட்டி, சரிவில் முன்னும் பின்னும் ஓட்டி, சால் சாலாக இறைக்க வேண்டும். என் தாத்தா விடிகாலை மூன்று மணிக்குக் கவலை பூட்டியவர். எங்கள் ஊரில் மின்சாரத்தைக் கேட்டது வீட்டு விளக்குக்காக அல்ல, கிணற்றுக்காக. அதனால் எங்கள் சாளையில் முதல் போர்டு மோட்டார் ரூமில்தான் வந்தது. வீட்டுக்கு வந்தது பல வருஷம் கழித்து.

இந்த இரண்டு ஊரையும் இணைக்கிற ஆள் ஒருவர் உண்டு. சர் சி.பி. ராமசாமி ஐயர். 1923 முதல் 1928 வரை சென்னை மாகாண அரசில் சட்ட உறுப்பினராக இருந்தபோது பைக்காரா, மேட்டூர் திட்டங்களுக்காக முட்டி மோதியவர். பிறகு 1936 முதல் 1947 வரை திருவிதாங்கூர் திவான். மூணாறுப் பக்கம் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940இல் ஓட ஆரம்பித்தது அவர் காலத்தில்தான். இந்த ஊர்க்காரர்களுக்கு அவர் மேல் ஆயிரம் கோபம் உண்டு, அது தனிக்கதை. கரண்டு விஷயத்தில் மட்டும், என் தாத்தாவின் மோட்டாருக்கும் மாமாவின் பல்புக்கும் அவர் பொதுவானவர்.

மீட்டர் இல்லாத போர்டு

1950களின் தொடக்கத்தில் நாட்டில் இருந்த மின்சாரப் பம்ப்செட்களில் பாதிக்கு மேல் சென்னை மாகாணத்தில்தான் இருந்தன. 1957 ஜூலை 1 அன்று சென்னை மாகாண மின்சார வாரியம் உருவானது. கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கிராமம் கிராமமாகப் போனார்கள். மோட்டாரும் பம்பும் செய்கிற தொழில் கோயமுத்தூரிலேயே வளர்ந்தது.

அப்புறம் பில் வந்தது. 1970இல் யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்து விவசாயிகள் போராடினார்கள். எங்களூரிலிருந்து தூரமில்லாத பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972இல் கோயமுத்தூர் ரோடுகளை மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். என் அப்பா அப்போது வாலிபர். எங்கள் வண்டியும் போயிருக்கிறது.

1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் என்றானது. எங்கள் மோட்டார் ரூம் போர்டில் மீட்டர் இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டைகள் மட்டும் இருக்கும். சின்ன வயதில் அது என்ன ஓட்டை என்று கேட்டிருக்கிறேன். "மீட்டர் இருந்த எடம் சாமி" என்பார் அப்பா.

கணக்குப் படித்தவன் என்பதால் எனக்கு இதில் ஒன்று உறுத்தும். அளக்காத இடத்தில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மீட்டர் இருந்தால் மாதா மாதம் ஒருவர் வருவார், போர்டைப் பார்ப்பார், கருகல் வாடை வந்தால் ஒரு வார்த்தையாவது சொல்வார். மீட்டர் போனதும் மோட்டார் ரூமுக்கு வருகிறவர்கள் பல்லியும் அணிலும் குளவியும்தான். மிகையில்லை, பஸ்பாரில் பல்லி விழுந்து எங்கள் ஸ்டார்ட்டர் இரண்டு தடவை வெடித்திருக்கிறது.

மும்முனை மின்சாரம் பல வருஷம் முறை வைத்துத்தான் வந்தது. பகலில் சில மணி நேரம், ராத்திரியில் சில மணி நேரம். ராத்திரி முறை என்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு, வரப்பில் வெறுங்காலோடு நடந்து, ஈரக்கையோடு பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும். கிராமத்துப் போர்டுக்கு முன்னால் நிற்கிற ஆள் இப்படித்தான் நிற்கிறார். டவுன் கடையில் போர்டு வாங்கும்போது நமக்கு இந்தக் காட்சி ஞாபகம் வருவதில்லை. எனக்கும் வரவில்லை.

வயரைக் காப்பாற்றுவது வேறு, ஆளைக் காப்பாற்றுவது வேறு

போன வருஷம் சித்திரையில், சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அம்மா, கட்டுத்தறியின் இரும்புத் தூணைப் பிடித்தபோது கரண்டு அடித்தது. கை உதறிக் கீழே விழுந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்போடு தப்பித்தார். "சுருக்குன்னுச்சு, அவ்வளவுதான்" என்று போனில் சொன்னார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் சாலை பஜாரில் ஒரு எலக்ட்ரிகல் கடைக்குப் போனேன். கடைக்காரர் பொறுமைசாலி. அவர் சொன்னதையும் பிறகு படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஃபியூஸ் என்பது எடிசன் காலத்துச் சரக்கு. 1880களில் அவர் விளக்கு வியாபாரம் தொடங்கியபோதே ஈயக்கம்பியை நடுவில் வைத்தார். கரண்டு அளவு மீறினால் கம்பி உருகும், வயரும் வீடும் பிழைக்கும். உருகிய கம்பியை மாற்றும்போது மனிதன் தடிமனான கம்பியைப் போட்டுவிடுகிறான் என்பதுதான் அதன் பலவீனம். 1924இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தில் ஹூகோ ஸ்டோட்ஸ் நிறுவனத்தில், தானாக விழுந்து மறுபடி தூக்கிவிடக்கூடிய சின்ன சுவிட்சுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இன்றைய எம்.சி.பி.யின் மூதாதை அது.

இவை இரண்டும் காப்பாற்றுவது வயரைத்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் போனால்தான் விழும். மனித இதயம் தாறுமாறாகத் துடிக்க ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். அம்மாவின் உடம்பு வழியாகக் கரண்டு போனால் எம்.சி.பி.க்கு அது ஒரு சின்ன பல்பு எரிவது மாதிரித்தான். அது பாட்டுக்கு நிற்கும்.

ஆளைக் காப்பாற்றும் கருவி 1950களில்தான் வந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் ஹென்றி ரூபின், ஆஸ்திரியாவில் பீகெல்மையர், 1961இல் அமெரிக்காவில் சார்லஸ் டால்சியல் என்று ஆளுக்கொரு பக்கம் வேலை செய்தார்கள். அது வேலை செய்யும் விதம் வங்கிக்காரனுக்குச் சட்டென்று புரியும். ஃபேஸில் எவ்வளவு போனதோ அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வர வேண்டும். கேஷ் கவுண்டர் மாதிரி, போனதும் வந்ததும் டேலி ஆக வேண்டும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அந்தக் காசு வேறு வழியாக, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். உடனே கவுண்டரை மூடிவிடும். ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள்.

நம் நாட்டு விதிகளில் இது பெரிய இணைப்புகளுக்குத்தான் முதலில் வந்தது. மத்திய மின்சார ஆணையம் 2010இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளிலும், 250 வோல்ட்டுக்குள், 5 கிலோவாட்டுக்குக் குறைவான இணைப்புகளுக்கு விலக்கு இருந்தது. அதாவது எங்கள் சாளை மாதிரி வீடுகளுக்கு. வெறுங்காலோடு நிற்பவர்கள் இருப்பது அங்கேதான். எனவே விதி கேட்கிறதா என்று பார்க்காதீர்கள், வைத்துவிடுங்கள்.

கடையில் தேர்ந்தெடுத்தது

வீட்டுச் சர்வீஸும் விவசாய சர்வீஸும் தனித்தனி. விவசாய இணைப்பிலிருந்து வீட்டுக்கு எடுக்கக்கூடாது. எனவே போர்டும் இரண்டு. வீட்டுக்கு எட்டு வழி டி.பி. ஒன்று, தூசியும் பல்லியும் நுழையாத ரப்பர் விளிம்பு வைத்த கதவோடு. உள்ளே ஒரு இரட்டை முனை ஐசோலேட்டர், 40 ஆம்பியர் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., விளக்குக்கு 6 ஆம்பியர், பிளக்குகளுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி.கள். இரண்டு வழி காலியாக, பிற்காலத் தேவைக்கு. வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் துண்டிக்கும் கருவி ஒன்று. கிராமத்து லைனில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரைகூட வந்துவிடும், டி.வி.யும் ஃபிரிட்ஜும் ஒரே நாளில் போகும்.

மோட்டார் ரூமுக்கு, ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்போடு புது ஸ்டார்ட்டர் பெட்டி. 5 குதிரைசக்தி என்றால் ஏறக்குறைய 3.7 கிலோவாட். கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்டு இழுக்கும். அதற்குத் தகுந்த எம்.சி.பி. வேண்டும், வீட்டுக்கு வாங்குவதை அங்கே போட்டால் தினமும் விழும்.

எல்லாவற்றையும் பார்சல் போட்டு அனுப்பினேன். ஊரில் ஓர் எலக்ட்ரீஷியன் தம்பி மாட்டினார். வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. பளபளவென்று இருந்தது. என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மட்டும் விழும் சுவிட்ச்

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். மாமா வீட்டு இ.எல்.சி.பி.யில் மாதம் ஒரு முறை 'டெஸ்ட்' பட்டனை அமுக்கிப் பார்ப்பது என் மகளின் வேலை. அந்தப் பழக்கத்தில் சாளையிலும் ஸ்டூல் போட்டு ஏறி அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏனுங்கப்பா, இது எப்ப இருந்துங்க இப்படி?"

"அது சும்மா சும்மா உளுந்துட்டே இருந்துச்சுப்பா. அந்தத் தம்பி வந்து டைரக்டா குடுத்துட்டுப் போயிட்டான். அப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை."

ஆறு மாதமாக அது வெறும் பொம்மை. தம்பியைக் கூப்பிட்டேன். பாவம், அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. "பகல் பூரா நிக்குதுங்ணா. சாயங்காலம் ஆனா உளுந்துருது. அம்மா இருட்டுல கஷ்டப்படறாங்க, அதான் உட்டேனுங்" என்றார்.

தினமும் ஒரே நேரத்தில் கேஷ் குறைகிறது என்றால் அந்த நேரத்தில் யார் கவுண்டரில் இருக்கிறார்கள் என்றுதானே ஆடிட்டர் கேட்பார்? சாயங்காலம் மட்டும் இந்த வீட்டில் என்ன நடக்கிறது? மாடு வரும், பால் கறப்பார்கள், கட்டுத்தறி விளக்கைப் போடுவார்கள்.

ஆர்.சி.சி.பி.யைத் திரும்ப இணைத்துவிட்டு, கட்டுத்தறி சுவிட்சைப் போடச் சொன்னேன். டப்பென்று விழுந்தது.

வயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்தோம். அந்தப் பல்புக்கு ஃபேஸ் மட்டும் வீட்டிலிருந்து வந்தது. நியூட்ரல் கிடையாது. இன்னொரு முனையை இரும்புத் தூணில் சுற்றியிருந்தார்கள். அப்பாவுக்கு மெதுவாக ஞாபகம் வந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஊர் லைனில் நியூட்ரல் சரியில்லாமல் பல்பு மினுக்கட்டாம்பூச்சி மாதிரி எரிந்த காலத்தில், யாரோ ஒருவர் "எர்த்துல குடுத்தா நல்லா எரியும்" என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார். நன்றாகத்தான் எரிந்தது. இருபது வருஷம் எரிந்தது. 60 வாட் குண்டு பல்பு எரிய 260 மில்லி ஆம்பியர். அத்தனையும் அந்தத் தூண் வழியாக மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் மண் ஈரம் அதை உறிஞ்சிக்கொண்டது. சித்திரையில் மண் காய்ந்து தூணில் வோல்டேஜ் ஏற, ஈரக்கையோடு அம்மா பிடித்தார்.

புதுப் போர்டு வந்த அன்றைக்கே அந்த உண்மையைச் சொல்லிவிட்டது. தினமும் சாயங்காலம் சொன்னது. தொந்தரவு என்று அதன் வாயைக் கட்டிவிட்டார்கள். நானும் போட்டோவைப் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

அரை நாள் வேலைதான். கட்டுத்தறிக்கு இரண்டு வயர் புதிதாக இழுத்தோம். வீட்டுக்குப் பின்னால் எட்டடிக் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு, பைப் இறக்கி முறையாக எர்த் எடுத்தோம். கோடையில் அதற்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேலே தமிழில் எழுதி ஒட்டினோம்: கூடம், சமையல், கட்டுத்தறி, மிக்சி. அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. போர்டு அவருடையது, என்னுடையது அல்ல.

இனி நீங்கள் ஊர் வீட்டுக்குப் போர்டு வாங்குவதாக இருந்தால், எத்தனை ஆம்பியர் என்ன கம்பெனி என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். நீங்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை மூன்று. பழைய வயரிங்கில் யாராவது எர்த்தை நியூட்ரலாக்கி வைத்திருக்கிறார்களா, எர்த் குழி உயிரோடு இருக்கிறதா, சுவிட்ச் விழுந்தால் அங்கே இருப்பவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள், அவர் என்ன செய்வார். மூன்றாவதுதான் முக்கியம். திரும்பத் திரும்ப விழுந்தால் டைரக்ட் கொடுக்காமல் எனக்குப் போன் பண்ண வேண்டும் என்று அந்தத் தம்பியிடம் சொல்லி, அதற்காக அவர் வரும் ஒவ்வொரு தடவைக்கும் கூலி உண்டு என்றும் சொல்லியிருக்கிறேன்.

அப்பா இப்போது மாதம் பிறந்ததும் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்கிறார். பால் கணக்கு நோட்டில் ஒரு வரி எழுதி வைக்கிறார்: "1ந் தேதி, சுவிட்ச் உளுந்துச்சு." போனில் அதைத்தான் முதலில் சொல்கிறார். அப்புறம்தான் மாடு, மழை, பேத்தி எல்லாம்.